ராட்டினத்தில் என்னைப் பெண் பார்த்தார்கள்

எங்கள் பக்கத்தில் பெண்ணை வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கு முன்னால், வெளியில் வைத்து ஒருமுறை பார்த்துவிடுகிற பழக்கம் உண்டு. கோயிலுக்கு வந்த மாதிரி, ஜவுளிக்கடைக்கு வந்த மாதிரி, தற்செயலாக எதிரில் பட்ட மாதிரி பார்ப்பார்கள். பிடித்திருந்தால் பிறகு பூ, பழத்தோடு முறைப்படி வீட்டுக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால் வெளியே தெரியாது, பெண் வீட்டுக்கும் தலைகுனிவு இல்லை. நல்ல ஏற்பாடுதான். என் விஷயத்தில் என்ன செய்தார்கள் என்றால், அதை எனக்கும் தெரியாமல் வைத்துவிட்டார்கள். திருவண்ணாமலைப் பொருட்காட்சியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூராவும் ஒரு குடும்பம் என் பின்னாலேயே வந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அப்பளம் தின்றுகொண்டும் ராட்டினம் சுற்றிக்கொண்டும் இருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு நெல்லும் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், பயிர். நான் தினமும் பஸ் பிடித்து டவுனுக்கு வந்து, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் ரிசப்ஷனில் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக்காரர்கள் ஜாஸ்தி வந்து தங்குகிற இடம். எனக்கு இங்கிலீஷ் வந்தது அங்கேதான். கல்யாணம் தள்ளிப்போனதும் அதனால்தான் என்று அம்மா சொல்வாள். “வெள்ளைக்காரங்க தங்குற எடத்துல பொண்ணு வேலை செய்யுதாமே” என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை.

அது ஒன்று மட்டும் காரணமில்லை. என் முகமும் ஒரு காரணம். புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கையில் காப்பித் தட்டைக் கொடுத்து நடுவீட்டில் கொண்டுவந்து நிறுத்தினால் என் முகம் தானாகவே இறுகிப்போய்விடும். நானாகச் செய்வதில்லை. பஜ்ஜியைத் தின்றுகொண்டே ஒரு கூட்டம் தலையிலிருந்து கால்வரை பார்க்கும்போது சிரிக்கிற வித்தை எனக்கு வரவில்லை. அவர்கள் போன பிறகு அம்மா பாத்திரங்களைப் போட்டு உருட்டுவாள். “மூஞ்சிய உர்ருனு வெச்சினு நின்னா எவனுக்குப் புடிக்கும்?” என்பாள். அடுத்த நாள் தெருக்குழாயடியில் எல்லோரும் விசாரிப்பார்கள். “இன்னா ஆச்சு, முடிஞ்சிச்சா?” என்று கேட்கிறவர்களுக்கு என்ன ஆனது என்று ஏற்கெனவே தெரியும்.

வேங்கிக்காலில் இருக்கிற அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். அத்தை சொன்னதை வார்த்தை மாறாமல் பிற்பாடு அம்மாவே என்னிடம் சொன்னாள். “பாப்பாகிட்ட மூச்சு விடாதீங்க. சொன்னா அதுக்கு மூஞ்சி மாறிடும். சும்மா வுட்டா நல்லா பேசும், சிரிக்கும். பொருட்காட்சிக்குக் கூட்டினு வாங்க. அவங்களும் வருவாங்க. தூர இருந்து பாத்துக்கட்டும்.” ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். எங்கள் வீட்டில் அவ்வளவு சிரமப்படவில்லை. ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவின அப்பா, “பொருட்காட்சிக்குப் போய்ட்டு வரலாமா பாப்பா?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயதில் ஒவ்வொரு வருஷமும் கெஞ்சியிருக்கிறேன். நடவு முடியட்டும், மல்லாட்டை பிடுங்கட்டும் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித் தள்ளிவிட்டுவிடுவார். கேட்பதை நிறுத்திப் பல வருஷம் ஆன பிறகு அவராகக் கூப்பிடுகிறார். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

அம்மா பீரோவைத் திறந்து கத்திரிப்பூ நிறப் புடவையை எடுத்துப் போட்டாள். “பொருட்காட்சி மண்ணுல பொரள்றதுக்கு யாராவது பட்டு கட்டுவாங்களாம்மா?” என்று சொல்லிவிட்டுப் பச்சைச் சுடிதாரை மாட்டிக்கொண்டேன். வேறு நாளாக இருந்தால் ஒரு சண்டையே நடந்திருக்கும். அன்றைக்கு அம்மா வாயைத் திறக்கவில்லை. மல்லிகைப்பூவை மட்டும் கொண்டுவந்து அவளே என் தலையில் வைத்துவிட்டாள். வற்புறுத்தினால் எனக்குத் தெரிந்துவிடும் என்று அத்தை எச்சரித்திருந்தாளாம்.

பொருட்காட்சி வாசலில் அத்தை காத்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் முதலில் அரசாங்க அரங்குகள்தான். விவசாயத் துறையில் பூசணிக்காயில் யானை செதுக்கி வைத்திருந்தார்கள். சுகாதாரத் துறையில் கை கழுவுவது எப்படி என்று ஒரு பெண் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றையும் விடவில்லை. தீயணைப்புத் துறை வண்டிமேல் ஏறி நின்று அப்பாவைப் போட்டோ எடுக்கச் சொன்னேன். அப்பா போனைத் தலைகீழாகப் பிடித்து எடுத்தார். அத்தை மட்டும் ஒதுங்கி ஒதுங்கிப் போய்ப் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். “நாங்க உள்ள வந்துட்டோங்க. பச்ச சுடிதாருங்க. ஆமாங்க, பூ வெச்சிருக்குது” என்று அவள் சொன்னது என் காதிலும் விழுந்தது. யாரோ தொலைந்த பிள்ளையைத் தேடுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த அளவுக்குத்தான் என் மூளை.

டெல்லி அப்பளக் கடையில் ஒரு அம்மா எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மாம்பழக் கலர் புடவை, பெரிய பொட்டு. கூட என் வயதில் ஒரு பெண், மகள் போலிருக்கிறது, கையில் போன். என் முகத்தைவிடப் பெரிய அப்பளம், மேலே மிளகாய்த்தூள். கடித்தால் பாதி முகத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால், ஆசைப்படுகிறார் போல என்று ஒரு துண்டை உடைத்து நீட்டினேன்.

“சாப்புடுங்கம்மா. நல்லா கீது.”

“வேணாம்மா. எந்த ஊரு நீ?”

சொன்னேன். என்ன படித்திருக்கிறாய், எங்கே வேலை என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் வாய் நிறைய அப்பளத்தோடு பதில் சொன்னேன். விடுதிக்கு வருகிற ஒரு வெள்ளைக்காரத் தாத்தா ரசத்தைச் சூப் என்று நினைத்து ஸ்பூனால் குடிப்பதை நடித்தே காட்டினேன். மகள் சிரித்துவிட்டாள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

“சமையல்லாம் செய்வியா?”

“எங்கம்மா இருக்கறப்ப நான் எதுக்கும்மா அடுப்புகிட்ட போறேன்? நான் செஞ்சா எங்க வீட்டு நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிடும்.”

பக்கத்தில் நின்ற என் அம்மாவுக்கு முகம் வெளுத்துப்போனது. எனக்கு நன்றாகவே சமைக்கத் தெரியும். ஊர் பேர் தெரியாத ஒருத்தரிடம் விளையாட்டாகப் பேசுகிறோம் என்ற தைரியத்தில் சொன்னது அது. தெரியாதவர்களிடம்தானே மனிதர்கள் விளையாட்டாகப் பேச முடியும்?

கொஞ்ச நேரம் கழித்து அத்தை, “தாகமா கீது பாப்பா. அதோ அந்தக் கோடியில கடை இருக்குது பாரு, ஒரு பாட்டில் தண்ணி வாங்கினு வா” என்றாள். பக்கத்திலேயே தண்ணீர்க் கடை இருந்தது. “அங்கதான் ஜில்லுனு இருக்கும்” என்றாள். அது என் நடையைப் பார்ப்பதற்காம். கால் தாங்குகிறதா, நடையில் அடக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இப்படி ஒரு வழி. கார்த்திகை தீபத்துக்குக் கூடுகிற மாட்டுச்சந்தையிலும் நடக்கவிட்டுத்தான் பார்ப்பார்கள். ஆனால் அங்கே மாட்டுக்காரன் கயிற்றைப் பிடித்துக் கூடவே நடப்பான். நான் நடக்கவே இல்லை. மரணக்கிணறு ஆரம்பிக்கப்போவதாக மைக்கில் கத்திக்கொண்டிருந்தார்கள். அதைத் தவறவிடக் கூடாது என்று துப்பட்டாவை இடுப்பில் சுற்றி முடிந்துகொண்டு ஓடினேன். பாட்டிலோடு ஓடியே திரும்பினேன். அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தேன்.

அதற்கப்புறம் பலூன் சுடுகிற கடை. முதல் குண்டு வீண். பிறகு சுட்டதெல்லாம் பட்டது. கடைக்காரர் ஒரு சோப்புப்பெட்டியைப் பரிசாகக் கொடுத்தார். அதைத் தலைக்கு மேலே தூக்கிக்காட்டிச் சுற்றி நின்ற கூட்டத்துக்கெல்லாம் கும்பிடு போட்டேன். நாலு பேர் கை தட்டினார்கள். அந்த நாலு பேருக்குப் பின்னால் மாம்பழக் கலர் புடவை நின்றதையும் பார்த்தேன். தெரிந்தவர்போல அவரைப் பார்த்தும் சிரித்தேன்.

ராட்டினத்தில் ஏற அம்மாவும் அத்தையும் மறுத்துவிட்டார்கள். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அவர் வரமாட்டேன் என்றார். விடவில்லை. பெட்டியில் எதிரெதிராக உட்கார்ந்தோம். மேலே போகப் போகக் கோபுரம் தெரிந்தது, மலை தெரிந்தது, அந்தப் பக்கம் வேங்கிக்காலில் புதிதாகக் கட்டின வீடுகள் வரிசையாகத் தெரிந்தன. தினமும் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வந்துபோகிற ஊர் இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உச்சியிலிருந்து இறங்கும்போது வயிறு மேலே எழும்பியது. தொண்டை கிழியக் கத்தினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் கத்தினேன்.

“கத்தாத பாப்பா” என்றார் அப்பா.

“டிக்கெட் எடுத்ததே கத்துறதுக்குத்தாம்பா. நீயும் கத்து.”

“வேணாம் பாப்பா. கீழ எல்லாரும் பாக்கறாங்க.”

பயத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். கம்பியை அவர் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன. கீழே பார்த்தேன். அம்மாவும் அத்தையும் அப்பளக் கடை அம்மாவோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பரவாயில்லையே, அம்மா அதற்குள் ஆள் பிடித்துவிட்டாளே என்று சிரிப்பு வந்தது. மகள் போனைத் தூக்கிப் பிடித்து ராட்டினத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையை விட்டு அவளுக்கு டாட்டா காட்டினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. “இனிமே வருஷா வருஷம் வரணும்பா” என்றேன். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் அதற்கு முன்னால் இல்லை. பின்னால் உண்டா என்று கேட்டால், அதற்கும் எனக்குப் பதில் தெரியும்.

மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா ஆரம்பித்தாள்.

“அவங்க வேணாம்னுட்டாங்க.”

“யாரு? எது?”

“அந்த மாம்பழக் கலர் பொடவைதான். மாப்பிள்ளையோட அம்மா. கூட வந்தது அவன் தங்கச்சி. பையன் பெங்களூருல இருக்கான். வீடியோ எடுத்து அவனுக்கே அனுப்பிட்டாங்களாம். பொண்ணு ரொம்ப ஜாலியா கீது, எங்க குடும்பத்துக்கு ஒத்துவராதுனு சொல்லிட்டாங்க. அப்படி ஊரக் கூட்டிக் கத்தணுமா நீ? தண்ணி வாங்கியாறச் சொன்னா கழுத மாதிரி ஓடணுமா? நாய் மோந்து பாத்துட்டுப் போவும்னு சொல்றியே, வாயில வசம்பு வெச்சித் தேய்க்க!”

என்னைப் பார்க்க வந்தார்கள் என்பதும் வேண்டாம் என்றார்கள் என்பதும் எனக்கு ஒரே மூச்சில் தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அப்பளத் துண்டை நீட்டினது. ரசத்தை நடித்துக் காட்டினது. சோப்புப்பெட்டியைத் தூக்கிக் கும்பிடு போட்டது. டாட்டா காட்டினது. உடம்பெல்லாம் கூசியது. குளிக்கிற இடத்தில் ஒருத்தர் மறைந்து நின்று பார்த்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

“முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?” என்று கத்தினேன்.

“சொன்னா உர்ருனு நிப்ப!”

“சொல்லலைன்னா சிரிப்பேன்! சிரிச்சா வேணாங்கறாங்க! இன்னாதான் பண்ணணும் நானு?”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளை நான் மன்னித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். குழாயடியில் நின்று பதில் சொன்னவள் அவள்தானே. அப்பாவைத்தான் முடியவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த அவரிடம் போய், “உனக்கும் தெரியுமாப்பா?” என்று கேட்டேன். “தெரியும் பாப்பா” என்றார். அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து நான் கேட்டுக் கேட்டுக் கொடுக்காத ஒன்றை, ஒரு காரியத்துக்காகக் கொடுத்திருக்கிறார். காரியம் நடக்கவில்லை என்றதும் அந்த நாளை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அந்தக் குடும்பம் வேண்டாம் என்றதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இவர்கள் செய்தது இன்றைக்கும் எரிகிறது.

அடுத்த வருஷம் இன்னொரு இடம் வந்தது. கோயில் பிரகாரத்தில் பார்க்க ஏற்பாடு. இந்தத் தடவை முன்கூட்டியே சொன்னார்கள். நானும் கற்றுக்கொண்டிருந்தேன். முறைப்பும் இல்லை, சிரிப்பும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு முகம் இருக்கிறது. அதைக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தேன். கத்திரிப்பூப் புடவையில் அடிமேல் அடி வைத்து நடந்தேன். கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னேன். “பொண்ணு நல்ல அடக்கம்” என்றார்கள். அங்கேயே சம்பந்தம் முடிவானது.

இப்போது வேங்கிக்காலில்தான் இருக்கிறோம். ராட்டினத்தின் உச்சியிலிருந்து நான் பார்த்த வீடுகளில் எது எங்கள் வீடோ தெரியாது. கலெக்டர் ஆபீஸ் எதிரில் என் வீட்டுக்காரருக்கு ஜெராக்ஸ் கடை. நல்ல மனிதர். குடிப்பதில்லை, ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. குறை சொல்வதற்குக்கூட எனக்கு இடம் வைக்காத மனிதர். விடுதி வேலையை விட்டுவிட்டேன். விடச் சொல்லி யாரும் மிரட்டவில்லை. “எதுக்கு அலையற?” என்று எல்லோரும் பிரியமாகக் கேட்டார்கள்.

இந்த வருஷம் பொருட்காட்சி என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனபோது, “போவலாமா?” என்று அவர் கேட்டார். கூட்டமாக இருக்கும், புழுதி என்றேன். “உனக்கு இன்னாதான் புடிக்கும்? கல்யாணமாகி இத்தினி நாள்ல நீ வாய்விட்டுச் சிரிச்சி நான் பாத்ததே இல்ல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடித்துவிட்டு எழுந்து உள்ளே போனேன்.

அதே வாரம் அத்தை வீட்டுக்கு வந்தாள். போனில் இடமே இல்லை, எதைத் தொட்டாலும் நின்றுவிடுகிறது, வேண்டாததை அழித்துக் கொடு என்று என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். காலை வணக்கம், விநாயகர், வெண்டைக்காய் வைத்தியம் என்று எல்லாவற்றையும் அழித்துக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு வீடியோ. ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பெட்டியில் யாரோ ஒரு பெண், பூ அவிழ்ந்து தொங்க, வாயெல்லாம் பல்லாகக் கத்திக்கொண்டு, ஒரு கையை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். பார்க்கவே நன்றாக இருந்தது. யார் இது என்று யோசித்தேன். எதிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அப்பா. அப்பாவை அடையாளம் தெரிந்த பிறகுதான் அந்தப் பெண் நான் என்று தெரிந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொன்னபோது, காரணம் காட்டுவதற்காக அத்தைக்கும் அதை அனுப்பியிருக்கிறார்கள். சத்தத்தைக் கூட்டினேன். பாட்டு, இரைச்சல், அதற்கு மேலே என்னுடைய கத்தல். பிறகு அந்த அம்மாவின் குரல், மிக அருகில்.

“இன்னாங்க இது, இப்பிடிக் கத்துது?”

அதற்குப் பதில் சொன்னது என் அம்மா. தாலுகா ஆபீஸில் சான்றிதழுக்காக நிற்கும்போது வருகிற குரல் அவளுக்கு ஒன்று உண்டு. அந்தக் குரலில், “ஒண்ணுமில்லீங்க, செல்லமா வளந்துடுச்சு. கல்யாணம் ஆனா சரியாயிடுங்க” என்றாள்.

வீடியோ முடிந்தது. அடுப்படியிலிருந்து அத்தை, “அழிச்சிட்டியா பாப்பா?” என்று கேட்டாள். “ஆச்சு அத்த” என்றேன். அம்மா பொய் சொல்லவில்லை. சரியாகிவிட்டது.